ஆள் மாறி மாறி ஓடும் டீப் பர்ப்பிள்: இது அதே பேண்ட்தானா?

#1 பழைய_கேசட்

சென்ற ஞாயிறு மதியம் யூடியூபில் பிரிட்டிஷ் ராக் குழுவான டீப் பர்ப்பிளின் அண்மைக் கச்சேரி ஒன்றை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். மகன் தேசிய சேவையில் இருக்கிறான். வார இறுதிக்கு வீட்டுக்கு வந்தவன் சோற்றுத் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் பார்த்தான், அப்புறம் கேட்டான்: "அப்பா, இது ஒரிஜினல் பேண்டா, இல்லை அவர்கள் பாட்டை வாசிக்கிற வேறு ஆட்களா?"

சட்டென்று பதில் வரவில்லை. பாடுகிறவர் இயன் கில்லன், 1945ல் பிறந்தவர். பேஸ் ராஜர் குளோவர், டிரம்ஸ் இயன் பெய்ஸ். சரி, மூன்று பேர் பழைய ஆட்கள். கீபோர்டில் டான் ஏரி, 2002ல் வந்தவர். கிதார் சைமன் மெக்பிரைட், பெல்ஃபாஸ்ட்காரர், மெஷின் ஹெட் ஆல்பம் வந்த 1972ல் அவர் பிறக்கவே இல்லை. அதைவிட வேடிக்கை, நான் "பழைய ஆட்கள்" என்று விரல் மடக்கிய மூவரில் கில்லனும் குளோவரும் 1968ல் குழு தொடங்கியபோது அதில் கிடையாது. முதல் பாடகர் ராட் எவன்ஸ், முதல் பேஸ் நிக் சிம்ப்பர். நாம் யாரை ஒரிஜினல் என்று கும்பிடுகிறோமோ அவர்களே இன்னொருவர் இடத்துக்கு வந்தவர்கள்.

சிங்கப்பூர் சுங்கை ரோடு சந்தையில் அட்டை இல்லாமல் வாங்கிய மேட் இன் ஜப்பான் கேசட்தான் எனக்குத் தொடக்கம். அதனால் எனக்கு 1972தான் டீப் பர்ப்பிள். ஆனால் அது நான் வாங்கிய கேசட்டின் தற்செயல்தானே? உங்களுக்கு எப்படி?

#2 மார்க்2_மட்டும்

என் பெயரைப் பாருங்கள் அண்ணே, பதில் அதிலேயே இருக்கிறது.

பிளாக்மோர் (கிதார்), கில்லன், குளோவர், லார்ட் (ஆர்கன்), பெய்ஸ். 1969 முதல் 1973 வரை. நாலு வருஷத்தில் இன் ராக், ஃபயர்பால், மெஷின் ஹெட், மேட் இன் ஜப்பான். வேறு எந்தக் கூட்டணியும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 1972ல் லண்டன் ரெயின்போ தியேட்டரில் இவர்கள் போட்ட சத்தத்தில் மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள், 117 டெசிபல், கின்னஸ் புத்தகத்தில் ஏறிய கணக்கு. மிச்சமெல்லாம் பழைய பெயர்ப்பலகையை வைத்து நடத்துகிற கடை.

#3 கோப்பி_கோசோங்

பெயர்ப்பலகை என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது. எங்கள் புளோக்குக்குக் கீழே ஒரு பரோட்டா கடை. மாஸ்டர் மூன்று தடவை மாறிவிட்டார், முதலாளியின் மகன் வந்துவிட்டான், கல்லைக்கூட மாற்றிவிட்டார்கள். குழம்பு மட்டும் அதே குழம்பு. ஞாயிற்றுக்கிழமை வரிசையும் அதே நீளம். யாரும் போய் "இது ஒரிஜினலா" என்று கேட்பதில்லை.

டீப் பர்ப்பிளில் குழம்பு எது என்று யாராவது சொல்லுங்கள். முடிவுக்கு வந்துவிடலாம்.

#4 ஆர்கன்காரி

குழம்பு ஜான் லார்ட். இதில் என்ன சந்தேகம்?

கல்யாண டின்னர்களில் கீபோர்டு வாசிப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். கிதார் ரசிகர்களான அண்ணன்கள் காதில் கிதார் மட்டும்தான் விழும். இந்தக் குழுவின் அந்தக் கரகரப்பு பாதிக்கு மேல் ஆர்கனிலிருந்து வருகிறது. ஹாமண்ட் ஆர்கனை வழக்கமாக லெஸ்லி ஸ்பீக்கரில் வாசிப்பார்கள், சர்ச்சில் கேட்கிற மாதிரி மிதந்து வரும். லார்ட் அதை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் சொருகினார், கிதார்காரர்கள் வைத்துக்கொள்கிற அதே பெட்டியில். ஆர்கன் உறும ஆரம்பித்தது. சில இடங்களில் எது கிதார் எது ஆர்கன் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

1969 செப்டம்பர் 24, ராயல் ஆல்பர்ட் ஹால். ராயல் ஃபில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து லார்ட் எழுதிய கான்சர்ட்டோவை வாசித்தார்கள். கில்லனும் குளோவரும் சேர்ந்து சில மாதம்கூட முழுசாக ஆகவில்லை. அப்புறம் அந்த இசைக்குறிப்பு (ஸ்கோர்) தொலைந்துபோயிற்று! நெதர்லாந்தைச் சேர்ந்த மார்கோ டி ஹூய் என்ற இசையமைப்பாளர் பதிவைக் கேட்டுக் கேட்டே மொத்தத்தையும் திரும்ப எழுதினார். 1999ல் அதே அரங்கில் மறுபடி வாசித்தார்கள். பதிவில் காதுக்குக் கிடைப்பதை வைத்து ஒரு ஆர்கெஸ்ட்ரா முழுவதையும் எழுதுவது என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். நான் ஒரு பாட்டின் இன்டர்லூடை எழுதி எடுக்கவே ஒரு சாயங்காலம் போய்விடுகிறது.

2002ல் லார்ட் விலகினார், 2012ல் காலமானார். அதற்குப் பிறகு வந்ததை நான் கேட்பதில்லை என்று சொல்ல மாட்டேன். கேட்கிறேன். ஆனால் பாதிப் பாட்டில் கை போய் நிறுத்திவிடுகிறது.

#5 புது_ஆள்

வணக்கம், இங்கே புதிது. "மார்க் 2" என்றால் என்ன? எந்திரன் மாதிரி ஏதாவது வெர்ஷனா? கிதார் கற்றுக்கொள்ள ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது, எல்லாரையும் போல ஸ்மோக் ஆன் தி வாட்டரில்தான் தொடங்கினேன், திட்டாதீர்கள்.

#6 பழைய_கேசட்

திட்ட மாட்டோம் தம்பி. வெர்ஷன்தான். ஆள் மாறும்போதெல்லாம் ரசிகர்கள் ஒரு எண் போட்டார்கள், அப்படியே நிலைத்துவிட்டது. எவன்ஸ் பாடியது 1. கில்லன் வந்தது 2. கில்லனும் குளோவரும் 1973ல் போக, பாட டேவிட் கவர்டேலும் பேஸுக்குக் கிளென் ஹியூஸும் வந்தது 3. கவர்டேல் அப்போது துணிக்கடையில் வேலை பார்த்த, யாருக்கும் தெரியாத பையன். டேப் அனுப்பினார், எடுத்துக்கொண்டார்கள், சில மாதத்தில் கலிஃபோர்னியா ஜாம் மேடையில் கடல் மாதிரி கூட்டத்துக்கு முன்னால் நிற்கிறார். பிளாக்மோர் 1975ல் விலக கிதாருக்கு டாமி போலின் வந்தது 4. 1976ல் கலைந்தது. 1984ல் மறுபடி மார்க் 2 ஆட்களே கூடினார்கள். கில்லனை 1989ல் வெளியே அனுப்பி ஜோ லின் டர்னரை வைத்து ஒரு ஆல்பம், கில்லன் திரும்ப வந்தார், 1993ல் பிளாக்மோர் போனார், நடுவில் ஜோ சாட்ரியானி ஒப்புக்குச் சில மாதம், பிறகு ஸ்டீவ் மோர்ஸ்... இப்போது 9 வரை வந்துவிட்டது. மூச்சு வாங்குகிறது.

#7 மார்க்2_மட்டும்

புது_ஆள் தம்பி, பாட்டில் திரும்பத் திரும்ப வருகிற அந்தக் கிதார் மெட்டை, அந்த ரிஃபை, பிக் வைத்து அடிக்கிறீர்களா? அடிக்காதீர்கள். பிளாக்மோர் இரண்டு கம்பியையும் விரலால் ஒரே நேரத்தில் கிள்ளுகிறார். பிக்கால் அடித்தால் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். இன்னொன்று, எல்லாரும் பவர் கார்டு (ஐந்தாம் இடைவெளியில் இரண்டு சுரம்) போட்டு வாசிப்பார்கள், அது தப்பு, அதைத் தலைகீழாகத் திருப்பினால் வருகிற நான்காம் இடைவெளிதான் சரி. முயன்று பாருங்கள், உடனே வேறு பாட்டு மாதிரிக் கேட்கும்.

பாட்டின் கதை தெரியுமல்லவா? 1971 டிசம்பர் 4, சுவிட்சர்லாந்து மோன்ட்ரோ. ஆல்பம் பதிவுசெய்ய ரோலிங் ஸ்டோன்ஸின் பதிவு லாரியை வாடகைக்கு எடுத்துப் போயிருந்தார்கள். அங்கிருந்த காசினோவில் ஃபிராங்க் ஜப்பாவின் கச்சேரி நடக்கும்போது யாரோ ஒருவன் ஆபத்துச் சைகைக்கான ஃபிளேர் துப்பாக்கியைச் சுட, கூரை பற்றி, கட்டடமே போய்விட்டது. ஏரியின் மேல் புகை படர்ந்து நின்றது. பதிவுக்கு இடம் இல்லாமல் வேறொரு அரங்கில் போய் ராத்திரியில் இந்த ரிஃபை வாசிக்க, ஊரே விழித்துக்கொண்டு போலீஸ் வந்துவிட்டது. கதவை உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டு பதிவை முடித்தார்கள். மிச்ச ஆல்பம் மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரத்தில்.

#8 கோப்பி_கோசோங்

நம்ம ஊரில் புளோக்குக்குக் கீழே திறந்து கிடக்கிற வாய்ட் டெக்கில் பத்தரை மணிக்கு மேல் வாசித்துப் பாருங்கள். கதவைப் பிடிக்கக் கதவே இருக்காது.

#9 ரிடிஃபியூஷன்_காலம்

பிள்ளைகளா, என் வயசுக்காரர்கள் இங்கே குறைவு, அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் எந்த மார்க் என்று சண்டை போடுகிறீர்கள், எங்களுக்கு அந்த வாய்ப்பே இல்லை. எழுபதுகளில் இங்கே ஆண்கள் முடி வளர்த்தால் அரசாங்க அலுவலகத்தில் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று போஸ்டரே ஒட்டியிருக்கும். 1972ல் லெட் செப்பலினை முடிக்காகவே உள்ளே விடவில்லை. டீப் பர்ப்பிளை நாங்கள் கேட்டது உள்ளூர்க் குழுக்கள் வாசித்துத்தான். மலாய்ப் பையன்கள் அதில் கெட்டிக்காரர்கள். ஸ்வீட் சேரிட்டி குழுவில் ராம்லி சாரிப் பாடுவார், தோளுக்குக் கீழே முடி, அதனால் அவரை டிவியில் காட்ட மாட்டார்கள். அதே ராம்லி 2019ல் நம் தேசிய கீதமான மஜுலா சிங்கப்பூராவைத் தனிக்குரலில் பாடியதை நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஆள் மாறுவதைப் பேசுகிறீர்கள், ஊர் மாறியதையும் கொஞ்சம் பாருங்கள்.

டீப் பர்ப்பிள் பக்கத்தில் வந்தது 1975 டிசம்பர், ஜகார்த்தா, இரண்டு ராத்திரி. டாமி போலின் இருந்த குழு. என் சேக்காளி ஒருவன் போகக் கிளம்பி, வீட்டில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். போகாததே நல்லது என்று அப்புறம் சொன்னான். குழுவின் பாதுகாவலர் ஒருவர் ஹோட்டலில் லிஃப்ட் குழிக்குள் விழுந்து செத்துப்போனார், இரண்டாம் ராத்திரி ரசிகர்கள்மேல் போலீஸ் நாயை ஏவிவிட்டது. அங்கிருந்து ஜப்பான் போனார்கள், போலினுக்குக் கை சரியாக வேலை செய்யவில்லை. மார்ச் மாதம் லிவர்பூலில் கடைசிக் கச்சேரி. அந்த வருஷமே போலின் போய்விட்டான், 25 வயசு.

#10 ஆர்கன்காரி

ஐயா, இதை ஒரு தனி இழையாகவே நீங்கள் எழுத வேண்டும்.

போலினைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. கம் டேஸ்ட் தி பேண்ட் ஆல்பத்தை டீப் பர்ப்பிள் என்ற பெயரை மறந்துவிட்டுக் கேளுங்கள். ஒரு ஃபங்க் துள்ளல் இருக்கும். பிளாக்மோரின் நாற்காலியில் உட்கார்ந்ததுதான் அந்தப் பையனின் குற்றம்.

#11 தேக்கா_டிரம்ஸ்

இழை முழுவதையும் படித்தேன். கிதார், ஆர்கன், குரல், எல்லாம் வந்துவிட்டது. பின்னால் உட்கார்ந்திருக்கிற மனிதரைப் பற்றி ஒரு ஆள் ஒரு வரி எழுதவில்லை. வழக்கம்தான்.

இயன் பெய்ஸ். 1968 முதல் இன்றுவரை எல்லா மார்க்கிலும் இருந்த ஒரே ஆள். மற்ற எல்லாரும் போனார்கள், வந்தார்கள், துரத்தப்பட்டார்கள், கோபித்துக்கொண்டார்கள். 2016ல் லேசான பக்கவாதம் வந்து சில கச்சேரி தவறியது, அதுவே அவருக்கு முதல் தடவையாம். ஆள் இடதுகைக்காரர், செட் முழுவதும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி மாற்றிப் போட்டிருக்கும். நானும் இடதுகை. அதனால் அவர்மேல் எனக்குத் தனிப் பாசம், மறைக்கவில்லை.

கோப்பி அண்ணன் கேட்ட குழம்பு அவர்தான். காரணத்தைச் சொல்கிறேன். எங்களுக்கும் ஒரு குழு இருந்தது, ஈசூனில், 90களின் கடைசியில் ஆரம்பித்தது. தமிழ்ப் பாட்டும் வாசிப்போம், பர்ப்பிளும் வாசிப்போம், தீபாவளி நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டால் எதையும் வாசிப்போம். முதல் பாடகர் பெர்த்துக்குக் குடிபெயர்ந்தார். இரண்டாமவருக்குக் கல்யாணம் ஆயிற்று, மாமனார் வீட்டில் சம்மதமில்லை. மூன்றாமவர் எங்களைவிட நன்றாகப் பாடினார், அதனாலேயே நிற்கவில்லை. கிதாரில் நாலு பேர் மாறினார்கள். ஒரு கிதாரிஸ்ட் ஒரு நிகழ்ச்சிக்குப் பணம் வாங்கிக்கொண்டு வராமலே இருந்துவிட்டார், ஏற்பாட்டாளரிடம் நான்தான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். பதினெட்டு வருஷம். முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை இருந்தது நான் மட்டும். பெரிய விசுவாசம் எல்லாம் ஒன்றும் இல்லை. டிரம்ஸ் என் வீட்டில் இருந்தது, எங்கே போவது?

ஆனால் ஒன்று கவனித்தேன். புது கிதாரிஸ்ட் வந்து பழைய பாட்டை வாசிக்கும்போது, அவர் தன் இஷ்டத்துக்குத்தான் வாசிப்பார், தாளம் எங்கே சாய்கிறதோ அங்கே அவரை அறியாமலே போய் விழுவார். இரண்டு வாரத்தில் அது எங்கள் பாட்டாகவே கேட்கும். பர்ப்பிளில் அந்தச் சாய்வு பெய்ஸுடையது. பர்ன் பாட்டையும் கேளுங்கள், 1996ல் வந்த பர்பெண்டிகுலரையும் கேளுங்கள். இரண்டிலும் பாடுகிறவர் வேறு, கிதார் வேறு. டிரம்ஸை மட்டும் காதில் பிடித்துக்கொண்டு போனால் ஒரே வீட்டுக்குத்தான் போய்ச் சேருவீர்கள்.

#12 மாட்டுங்கா_டு_மரின்பரேட்

இதை வழிமொழிகிறேன். நான் பம்பாய்த் தமிழன், வேலைக்காக இங்கே வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. 1995 ஏப்ரலில் பர்ப்பிள் பம்பாய் வந்தது. கல்லூரி மாணவன், கையில் காசு இல்லை, பாட்டியிடம் புத்தகம் வாங்க என்று பொய் சொல்லி டிக்கெட் எடுத்தேன். பிளாக்மோர் போய் ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது, மேடையில் யாரோ ஸ்டீவ் மோர்ஸாம். முதல் இரண்டு பாட்டுக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மூன்றாவது பாட்டில் கை தானாக அவிழ்ந்துவிட்டது.

மார்க்2 ப்ரோ, ஒரு கணக்குப் போடுங்கள். பிளாக்மோர் இந்தக் குழுவில் இருந்தது 1968 முதல் 1975, பிறகு 1984 முதல் 1993. கூட்டினால் பதினாறு வருஷம். மோர்ஸ் 1994 முதல் 2022, இருபத்தெட்டு வருஷம். மனைவிக்குப் புற்றுநோய் என்று கூட இருந்து பார்த்துக்கொள்ளத்தான் விலகினார். இவரைப் போய் "மாற்று ஆள்" என்கிறோம்.

இன்னொரு சின்னச் செய்தி. இன் ராக் ஆல்பத்தில் வருகிற சைல்ட் இன் டைம் என்ற அந்தப் பத்து நிமிஷப் பாட்டின் ஆர்கன் மெட்டு இவர்களுடையதே அல்ல. இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே என்ற அமெரிக்கக் குழுவின் இசையிலிருந்து எடுத்தது. அந்த இசையின் பெயர் பாம்பே காலிங். 1995 கச்சேரி வீடியோவுக்கும் அதே பெயரையே வைத்தார்கள். எங்கள் ஊரிலிருந்து கடன் வாங்கி எங்கள் ஊருக்கே திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது.

#13 மார்க்2_மட்டும்

வருஷக் கணக்கு வேறு, சரித்திரம் வேறு. இருபத்தெட்டு வருஷம் வாசித்த மோர்ஸை 2016ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கவே இல்லையே? கீபோர்டு டான் ஏரியையும் இல்லை. மார்க் 1, 2, 3 ஆட்கள் எட்டுப் பேர் மட்டும்.

#14 ஆர்கன்காரி

அந்தப் பட்டியலை அத்தாட்சி என்று கொண்டுவராதீர்கள் ப்ளீஸ். முதல் பேஸ் சிம்ப்பரையும் விட்டுவிட்டார்கள், போலினையும் விட்டுவிட்டார்கள். ஆனால் எவன்ஸ் இருக்கிறார்! எவன்ஸ் யார்? 1980ல் முன்பின் தெரியாத நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு "டீப் பர்ப்பிள்" என்ற பெயரில் ஊர் ஊராகக் கச்சேரி நடத்தியவர். வழக்குப் போட்டார்கள், 672,000 டாலர் தீர்ப்பானது, முதல் மூன்று ஆல்பத்தின் ராயல்டியும் போயிற்று. அதன்பின் ஆளைப் பொது இடத்தில் யாரும் பார்க்கவில்லை. விருது வாங்கவும் வரவில்லை.

பழைய கேசட் அண்ணன் மகன் கேட்டானே, ஒரிஜினலா இல்லை வேறு ஆட்களா என்று, அதற்கு அந்த 1980 கூட்டம்தான் சரியான உதாரணம். மேடையில் ஒரு அசல் உறுப்பினர், அதுவும் தொடங்கிய நாளிலேயே இருந்தவர். பெயர் அதே. பாட்டும் அதே. ஆனால் டிக்கெட் வாங்கியவர்கள் கத்திக் கலாட்டா செய்தார்கள். காதுக்குத் தெரிந்துவிட்டது.

#15 மார்க்2_மட்டும்

சரி, இது நல்ல அடி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெயர் மட்டும் மாறாது.

#16 கோப்பி_கோசோங்

யார் பெயர், உங்களுடையதா அவர்களுடையதா?

#17 ரிடிஃபியூஷன்_காலம்

ஒன்று விட்டுப்போயிற்று. டிசம்பர் 4. மோன்ட்ரோ தீ 1971 டிசம்பர் 4. ஜகார்த்தா முதல் ராத்திரி 1975 டிசம்பர் 4. போலின் இறந்தது 1976 டிசம்பர் 4. தீப்பிடித்த அன்று வாசித்துக்கொண்டிருந்த ஜப்பா இறந்தது 1993 டிசம்பர் 4. எனக்கு நாள் நட்சத்திரத்தில் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் அன்றைக்கு நான் பர்ப்பிள் போடுவதில்லை.

#18 பழைய_கேசட்

இழையைத் தொடங்கிவிட்டு மூன்று நாள் வேலையில் மாட்டிக்கொண்டேன், மன்னிக்கவும். தேக்கா_டிரம்ஸ் எழுதியதை மகனுக்கு அனுப்பினேன். இந்த வாரம் வந்ததும் முதல் வேலையாக இரண்டு ஹெட்போன் எடுத்துவந்து, பர்னையும், 2024ல் வந்த ஆல்பத்தில் ஒரு பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டான். கிதாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "டிரம்ஸ் ஒரே அங்கிள்தானே?" என்று மட்டும் கேட்டான். 1974க்கும் 2024க்கும் நடுவில் ஐம்பது வருஷம். ஆமாம்டா என்றேன்.

பழைய மேட் இன் ஜப்பான் கேசட்டைத் தேடி எடுத்தோம். நாடா பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது.

#19 புது_ஆள்

மார்க்2 அண்ணா, விரலால் கிள்ளிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது உண்மை, வேறு பாட்டு மாதிரி இருக்கிறது. பவர் கார்டில் வாசித்த மூன்று மாதம் வீண்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இங்கே டிரம்ஸ் ஒருவர் இருக்கிறார், கீபோர்டு அக்கா இருக்கிறார். யாராவது ஒரு நாள் ஜாமிங் போகலாமா?

#20 தேக்கா_டிரம்ஸ்

போகலாம் தம்பி. சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் பிடிக்கிறேன், பீச் ரோடு பக்கம் எனக்குத் தெரிந்த ஸ்டூடியோ இருக்கிறது. ஆர்கன்காரி அக்கா, அங்கே கீபோர்டு இருக்கிறது, மார்ஷல் பெட்டியும் இருக்கிறது, சொருகிப் பார்த்து வெடித்தால் நான் பொறுப்பில்லை. மாட்டுங்கா அண்ணே, நீங்கள் பேஸ் வாசிப்பதாக வேறொரு இழையில் பார்த்த ஞாபகம்.

செட்டை இடதுகைக்கு மாற்றிப் போடக் கால் மணி நேரம் ஆகும். அதற்கும் அவர்கள் காசு பிடிப்பார்கள், அதனால் நான் முன்னாடியே போய் வாசலில் நிற்கிறேன்.

பாட ஆள் இல்லை. வழக்கம்போல.